அக்கா வீட்டு ஜெபமாலையில் ஒரு மௌனம்

எங்கள் அக்கா அவர்கள் ஆண்டவரில் இளைப்பாறி ஓராண்டு நிறையப் போகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டு அக்காவின் மூத்த மகன் சென்னைக்கு வந்திருந்தான். என் அறையில் குவிந்து கிடந்த, என் நகைச்சுவைக் கட்டுரைகள் வந்த பழைய வாரப் பத்திரிகைகளைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, "மாமா, நீங்கதான் எழுதணும். ஆனா ஒண்ணு. சிரிப்பு கிரிப்பு எதுவும் வாணாம்" என்றான்.

"அந்தக் கவலையே வாணாண்டா. என் எழுத்தப் படிச்சு இதுவரைக்கும் எவனும் சிரிச்சதா தகவல் இல்ல" என்றேன்.

அவனும் சிரிக்கவில்லை. ஆகவே தைரியமாக எழுத உட்கார்ந்தேன்.

அக்கா பிறந்தது திண்டிவனத்தில். எங்கள் அப்பா மல்லாட்டை (நிலக்கடலை) மண்டியில் எடை போடும் வேலை பார்த்தவர். எங்களில் மூத்தவர் அக்கா, அடுத்தவன் நான், அதோடு எங்கள் பெற்றோர் நிறுத்திக்கொண்டார்கள். என்னைப் பார்த்த பிறகு நிறுத்தியதாக அக்கா சொல்வார். உறவினர்கள் சிலர், அக்கா தொட்டிலிலேயே கைகூப்பிக்கொண்டிருந்தவர் என்கிற பாவனையில் பேசுவதை இந்த ஓராண்டாகக் கேட்டு வருகிறேன். உடன்பிறந்தவன் என்ற முறையில் அதை மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் அப்பா தினமும் இரவில் குடும்பத்தை உட்காரவைத்து ஜெபமாலை சொல்வார். அது முடிந்ததும் செத்துப்போன சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பரலோக மந்திரம். எங்கள் குடும்பத்தில் செத்தவர்கள் அதிகம். இரண்டாவது சித்தப்பாவின் முறை வரும்போதே அக்கா சுவரில் சாய்ந்து தூங்கியிருப்பார். தூக்கத்திலேயே பதில் மந்திரம் சொல்கிற திறமை அவருக்கு இருந்தது. நான் கடைசிவரை விழித்திருப்பேன். பக்தியினால் அல்ல, பசியினால்.

இதை எழுதுவது அக்காவைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. பிறவியிலேயே பக்தி வந்திருந்தால் அதில் அவருக்கு என்ன பெருமை? அக்கா தம்முடைய ஜெபத்தைக் கஷ்ட காலத்தில், கையில் கிடைத்ததைக் கொண்டு, தாமே கட்டினார். அந்தக் கட்டடத்தில் ஒரு பிழையும் இருந்தது. இரண்டையும் சொன்னால்தான் அக்காவைப் பற்றிச் சொன்னதாகும்.

அக்காவை விழுப்புரத்தில் கொடுத்தோம். அத்தான் அப்போது ரயில்வேயில், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். சில வருஷங்களில் டிரைவர் ஆனார். பாண்டிச்சேரிக்கும் காட்பாடிக்குமாகப் போய் வருவார். நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். மாதா கோவிலில் அவர் பாடினால் பங்குச் சாமியார் தம் பாட்டைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார். ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. பெரியவன், மகள், சின்னவன் என்று மூன்று பிள்ளைகள். அக்காவுக்கு வாய் கொஞ்சம் கூர்மை. நான் ஊருக்குப் போய் இறங்கியதும் முதல் கேள்வி, "இன்னாடா, எழுத்தாளரு! இந்த வாரம் யார அழ வெச்ச?" என்பதுதான்.

அந்த விழுப்புரத்து வீட்டில் பெரியவனுக்கு டைபாய்டு வந்தது. அப்போது அவனுக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். இன்றைக்கு இருக்கிற மருந்து அன்றைக்குச் சுலபத்தில் கிடைக்காது. வாரக்கணக்கில் காய்ச்சல் இறங்கவில்லை. அத்தான் பாதி நாள் வண்டியில். அக்கா பையனின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கப் போனபோது மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, ஜெபம் பண்ணலாம்னு பாக்கறேன், வரல. வாய்க்கு மந்திரம் வருது. அதுக்கப்பால ஒண்ணும் வரல. கைமாத்து கேக்கப் போறவன் மாதிரி இருக்குது. வருஷம் பூரா அந்தத் தெரு பக்கமே போவாதவன், திடீர்னு போயி வாசல்ல நின்னா எப்டி இருக்கும்? அந்த மாதிரி வெக்கமா இருக்குது."

பையன் பிழைத்தான். (என்னிடம் சிரிப்பு வேண்டாம் என்றவன் இவன்தான்.) அவன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அக்கா முடிவு செய்தார்: இனி தேவை இருக்கிறதோ இல்லையோ, தினமும் அந்தத் தெருவில் போக வேண்டும்.

முடிவு செய்வது சுலபம். அக்கா முதலில் விடியற்காலையில் ஜெபமாலை என்று வைத்தார். அத்தானின் டியூட்டி ஒழுங்காக இருந்தால்தானே விடியற்காலை என்று ஒன்று இருக்கும்? அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிறகு சாப்பாட்டுக்கு அப்புறம் என்று வைத்தார். முதல் பத்து மந்திரம் முடிவதற்குள் பிள்ளைகள் மூவரும் தாயின் பழைய திறமையைக் காட்டினார்கள். அதன் பிறகுதான் சோற்றுப் பானை வந்தது. சாயங்காலம் சோறு வடித்து, கஞ்சி இறங்கப் பானையைச் சாய்த்து வைத்தவுடன் ஜெபமாலை; முடிந்தவுடன் சாப்பாடு. உலை வைக்காத நாள் கிடையாது, ஆகவே ஜெபம் இல்லாத நாளும் கிடையாது. "சாமிய அடுப்புல கட்டிப் போட்டுட்டேன்" என்று அக்கா சொன்னதைச் சாமியார் காதுக்கு யாரோ கொண்டுபோனார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவரும் சாப்பிடுகிறவர்தான்.

மற்ற மதத்து நண்பர்களும் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதால் ஒன்றை விளக்க வேண்டும். ஜெபமாலையில் ஐந்து பத்து உண்டு. ஒவ்வொரு பத்திலும் மாதாவின் மந்திரம் பத்துத் தடவை வரும்; முடிவில் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்று ஒரு துதி. ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைப் பதிலாகச் சொல்வார்கள். அக்கா வீட்டில் ஐந்து பேர், ஜெபமாலையிலும் ஐந்து பத்து. ஆளுக்கொரு பத்து என்று அக்கா பிரித்துக் கொடுத்தார். முதல் பத்து அத்தானுக்கு. அதோடு ஒரு சட்டமும் போட்டார்: ஒருவருடைய பத்தை இன்னொருவர் சொல்லக்கூடாது. ஆள் வரவில்லையென்றால் அந்தப் பத்து முடிகிற நேரம் வரைக்கும் எல்லாரும் முழங்காலில் மௌனமாகக் காத்திருக்க வேண்டும்.

இது என்ன சட்டம் என்று நான் கேட்டேன்.

"கோலி ஆடிக்கினு லேட்டா வந்தா நானு திட்டத் தேவையில்ல. கூடப் பொறந்ததுங்களே முட்டி வலிக்குதுன்னு ஜல்தியா காதப் புடிச்சி இட்டாந்துடும்" என்றார்.

அப்படியேதான் நடந்தது. ஆறிக்கொண்டிருக்கும் சோற்றின் முன்னால் மௌனமாக முழங்கால் போட்டிருப்பதைவிட நல்ல உபதேசியார் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் அத்தானுடைய பத்து வேறு விதம். அவர் வண்டியில் இருக்கும் நாட்களில் அந்த முதல் பத்து மௌனமாகப் போகும். அவர் எஞ்சினில் நின்றபடி அதே நேரத்துக்கு மனதுக்குள் சொல்லிக்கொள்வார் என்பது அவர்கள் இருவருக்குள் ஏற்பாடு. அந்த மௌனத்தில் அக்காவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். யாரோ பக்கத்தில் வந்து முழங்கால் போட்டதுபோல் சற்று நகர்ந்து இடம் விடுவார்.

அந்த வீட்டின் நல்ல காலம் அவ்வளவுதான்.

ரயில்வேயில் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. அத்தான் அதில் தேறவில்லை. மறுபடி போனார், மறுபடியும் தேறவில்லை. எஞ்சினிலிருந்து இறக்கி, திண்டிவனம் ஸ்டேஷனில் குட்ஸ் ஷெட் காவலுக்குப் போட்டார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் எஞ்சினை ஓட்டியவர், மல்லாட்டை மூட்டைகளை எலி தின்னாமல் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேர்ந்த தூரம் அதிகம். சம்பளம் குறைந்தது, குவார்ட்டர்ஸ் போயிற்று. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு வந்தார்கள்.

புது வீட்டில் முதல் சாயங்காலம் அக்கா பானையைச் சாய்த்து வைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். பிள்ளைகள் முழங்கால் போட்டார்கள். அத்தான் நின்றுகொண்டே இருந்தார். அன்று சாமான் இறக்க நானும் போயிருந்தேன். அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும், கண்ணு மங்குதுன்னு. யார் கிட்டயும் சொல்லல. இதே மெழுகுவத்தி முன்னால முட்டி போட்டுக்கினு தெனம் அத ஒண்ணதான் கேட்டேன். குடும்பத்துக்குக் கேக்கல, புள்ளைங்களுக்குக் கேக்கல, கண்ணு மட்டும்தான் கேட்டேன். அதுவும் போச்சி. நீங்க சொல்லுங்க. எனக்கு இதுல சோலி இல்ல."

சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. சிலுவை போட்டுத் தொடங்கினார். முதல் பத்து வந்தது. சட்டப்படி மௌனமாக இருந்தார்கள். வாசலில் அத்தான் சைக்கிளைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அது அவருடைய வழக்கமாயிற்று. உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினால் வெளியே சைக்கிள் துடைக்கத் தொடங்குவார். திண்டிவனத்திலேயே அதிகமாகத் துடைக்கப்பட்ட சைக்கிள் அதுதான். மட்கார்டில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். உள்ளே தினமும் முதல் பத்துக்கு மௌனம். வருஷங்கள் இப்படிப் போயின.

அவை சுகமான வருஷங்கள் அல்ல. அரிசி கிடைக்காத காலம். பானையில் சோற்றுக்குப் பதில் கேப்பைக் களி வந்தது. களிக்குக் கஞ்சி வடிக்கும் வேலை கிடையாது, ஆறினால் கல்லாகிவிடும். சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்று சின்னவன் விண்ணப்பித்தான். "கல்ல அப்பமா மாத்தச் சொல்லி ஆண்டவர சாத்தான் கேட்டான். நீ களிய கல்லாக்கிட்டேன்னு கேக்கற. ரெண்டு பேரும் ஒரே கூட்டம்தான். மொழங்கால் போடு" என்று அக்கா தள்ளுபடி செய்தார். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் நெற்றியில் சிலுவை, தையலுக்கு நூல் கோக்கும்போது ஒரே வரியில் ஒரு மனவல்லய ஜெபம், நண்பகலில் கோவில் மணி அடித்தால் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுத் திரிகால ஜெபம் என்று, நாளின் ஓட்டை எங்கே தெரிந்தாலும் ஒரு மந்திரத்தால் ஒட்டுப் போட்டுக்கொண்டே போனார். எதிர்வீட்டு அம்மாள் இந்து. ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு ஜெபம் சற்றுத் தாமதமானபோது அந்த அம்மாள் கதவைத் தட்டினார்: "ஏம்மா, இன்னிக்கி உங்க பாட்டு இல்லியா? நீங்க ஆரம்பிச்சாதான எங்க வூட்டுல வெளக்கேத்துவோம். மணி தெரியாம பேஜாரா இருக்குது."

இவ்வளவு கட்டிக்காத்த அக்காவுக்குள் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதை வீட்டில் எல்லாரும் அறிவார்கள். அத்தான் உள்ளே வந்து தம் பத்தைச் சொல்ல வேண்டும். அதற்காக அவர் வாதாடவில்லை, அழவில்லை, சாமியாரை அனுப்பிப் புத்தி சொல்லச் சொல்லவில்லை. தினமும் அந்தப் பத்துக்கு மௌனமாகக் காத்திருந்தார், அவ்வளவே. எத்தனை பொறுமை என்று நாங்கள் எல்லாரும் வியந்தோம். நான் ஒரு கட்டுரையில் இதை மறைமுகமாக எழுதிக்கூட இருக்கிறேன். நல்லவேளை, அந்தப் பத்திரிகை நின்றுபோயிற்று.

சில வருஷங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் நான் திண்டிவனம் போயிருந்தேன். சாயங்காலம் அத்தானுக்குத் துணையாக ஸ்டேஷன்வரை போய்விட்டு, திரும்பும் வழியில் டீ குடித்தோம். வானம் மூடிக்கொண்டு வந்தது. அத்தான் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை.

"போலாமா அத்தான்? ஜெபம் ஆரம்பிச்சிடுவாங்க" என்றேன்.

"அதுக்குத்தான் ஒக்காந்துகினு இருக்கேன்" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மச்சான், உங்க அக்கா நல்லவதான். ஆனா தெனம் சாயங்காலம் என்ன முட்டி போட வெக்கறா. எதுத்த வூடு, பக்கத்து வூடு எல்லாம் கேக்கும், ஜெபம் ஓடிக்கினு இருக்கும். என் பத்து வந்ததும் கப்புனு சத்தம் நின்னுடும். தெருவே நிக்கிற மாதிரி இருக்கும். இதோ பாருங்க, இந்தாளு வரலன்னு தம்பட்டம் அடிக்கிற மாதிரி. சின்னப் பசங்களுக்குப் போட்ட தண்டன எனக்கா? நாலு வார்த்த திட்டிப்புட்டு அந்தப் பத்த அவளே சொல்லிட்டுப் போயிருந்தான்னா நானு என்னிக்கோ உள்ள போயிருப்பேன்."

நான் டீயைக் குடிக்க மறந்தேன். மௌனத்துக்கு அத்தனை சத்தம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சைக்கிளோடு வாசலில் நின்றுவிட்டார். ஜெபம் இன்னும் தொடங்கவில்லை. மழைக்கு விறகு நமுத்துப்போய் அடுப்பு மக்கர் செய்திருந்தது. அடுப்படியில் போய் அக்காவிடம் அத்தான் சொன்னதை அப்படியே சொன்னேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"தண்டனையா? நானா?" என்றார். "அவுரு வண்டியில இருக்கச்சொல்ல எப்டி வெச்சிருந்தேனோ அப்டியேதான வெச்சிருந்தேன் தம்பி. அவுரு எடத்த யாருக்கும் குடுக்காம காப்பாத்தறேன்னு நெனச்சேன். பந்தியில அவுரு எலைய மட்டும் காலியாப் போட்டு, ஆளு வரலன்னு ஊருக்கே காட்டிக்கினு இருந்திருக்கேன்."

"நீ ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே அக்கா."

"கூப்ட்டா கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும்னு பயந்தேன்டா. மனசு நொந்து கெடக்கறாரு, நம்ம ஏன் வாயத் தொறக்கணும்னு வாய மூடிக்கினேன். என் வாய் எனக்குத் தெரியும்ல?"

அவருடைய வாழ்நாளில் வாயை அடக்கிய காரியம் இது ஒன்றுதான். இதில் அடக்காமல் இருந்திருக்கலாம்.

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். முதல் பத்து வந்தது. பிள்ளைகள் வழக்கம்போல் மௌனத்துக்குத் தலை குனிந்தார்கள். அக்கா திரும்பி, "தம்பி, இந்தப் பத்த நீ சொல்லு" என்றார். பிள்ளைகள் மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த வீட்டில் அதுவரை விருந்தாளிக்குப் பத்து கிடையாது.

என் பக்தியைப் பற்றி இங்கே ஒரு வரி. சென்னையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவேன். பிரசங்கத்தின்போது தூணுக்குப் பின்னால் நிற்கும் ஆண்கள் வரிசையைச் சேர்ந்தவன். அன்று சட்டைப்பையில் ஜெபமாலைகூட இல்லை. விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். நாலாவது மந்திரம்வரை விரல்கள் சரியாகத்தான் இருந்தன. அதற்குப் பிறகு அத்தான் டீக்கடையில் சொன்னது நினைவுக்கு வந்தது. வாய் சொல்லிக்கொண்டே போயிற்று. எண்ணிக்கை எங்கோ நின்றுவிட்டது. பிள்ளைகளின் பதிலில் ஒரு தயக்கம் வந்ததைக் கவனித்தேன். மாமனைத் திருத்துவது மரியாதையல்ல என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அக்காவின் கையில் ஜெபமாலை இருந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஏனோ அவரும் நிறுத்தவில்லை.

அப்போது வாசலிலிருந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அந்தக் குரல் வந்தது.

"யோவ் மச்சான்! பத்து எப்பவோ ஆச்சி. பன்னெண்டுல போய்க்கினு இருக்க. நிறுத்திட்டு பிதாவுக்கும் சுதனுக்கும் சொல்லுய்யா!"

சின்னவன் முதலில் சிரித்தான். மகள் அவன் தொடையில் கிள்ளிவிட்டுத் தானும் சிரித்தாள். நான் நிறுத்தினேன். அக்கா முன்னால் மண்டியிட்டிருந்தார்; தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் எண்ணிக்கொண்டும் இருந்திருக்கிறார். அன்று மட்டுமல்ல.

சாப்பிடும்போது அத்தான் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பத்துவரைக்கும் எண்ணத் தெரியல. இவன் எழுதறதுக்குக் காசு வேற குடுக்கறானுங்க."

அக்கா களியை உருட்டி அவர் தட்டில் வைத்தார். "நாளைக்கு நீங்க வந்து சொல்லுங்க. வாங்க" என்றார்.

அத்தான் குழம்பை ஊற்றிக்கொண்டார். "பாக்கலாம். கண்ணு விஷயத்துல எனக்கும் அவுருக்கும் இன்னும் தீரல" என்றார். அவுரு என்றது ஆண்டவரை.

மறுநாள் காலை நான் சென்னைக்கு வந்துவிட்டேன். பிறகு நடந்தது மகள் சொல்லித் தெரியும். அன்று சாயங்காலமே அத்தான் நிலைப்படிவரை வந்தாராம். கையில் சைக்கிள் துடைக்கும் துணி. உள்ளே வரவுமில்லை, முழங்கால் போடவுமில்லை. நிலையில் சாய்ந்து நின்றபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு, தம் பத்தைச் சொல்லி முடித்துவிட்டுச் சைக்கிளுக்குப் போய்விட்டாராம். அக்கா அதற்கு மேல் இழுக்கவில்லை. ஆனால் தினமும் "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மெழுகுவர்த்தி ஏற்றினாராம். மாதக்கணக்கில் நிலைப்படியிலேயே நடந்தது அத்தானின் ஜெபம். கோபித்துக்கொண்டு போன தூரத்தை மனிதர் ஒரே நாளில் திரும்ப முடியாது. அதுவும் பாதையெல்லாம் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

அந்த மழைக்காலத்திலேயே அக்காவின் தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது. அடுப்புப் புகை என்றார்கள், சளி என்றார்கள். அதிமதுரம் சுவைத்தார், மிளகுக் கஷாயம் குடித்தார். சென்னைக்குக் கூட்டிவந்து காட்டியபோது தொண்டையில் கட்டி என்றார்கள். அதற்குப் பிறகு செய்ய முடிந்தது கொஞ்சம்; செய்தது அதிகம்; பலித்தது எதுவுமில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோவிலுக்கு அழைத்துப் போனேன். லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்திருந்த புதிது. திரும்பி வரும்போது கம்மிய குரலில் சொன்னார்: "இத்தன வருஷமா சாமியாரு இதத்தான் சொல்லிக்கினு இருந்தாரா? நானு இன்னும் பெருசா ஏதோன்னு நெனச்சேன்." அக்கா என்னைச் சிரிக்க வைத்த கடைசித் தடவை அது. எங்கள் குடும்பத்தில் உண்மையான நகைச்சுவை யாரிடம் இருந்தது என்பதை இந்த மலரை வாசிப்பவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

மருத்துவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். திண்டிவனம் வந்த அன்று சாயங்காலம் அக்காவைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தோம். மகள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். "வாங்க" என்று சொல்ல அக்கா வாய் எடுத்தார், வரவில்லை. கையை மட்டும் நீட்டினார். அத்தான் நிலைப்படியிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக.

அவர் தம் பத்தைச் சொன்னார். பிள்ளைகள் தங்களுடையதைச் சொன்னார்கள். கடைசிப் பத்து அக்காவுடையது. எல்லாரும் பழக்கத்தில் மௌனமானோம். அக்கா தலையை அசைத்தார். வேண்டாம் என்று கையால் காட்டினார். அத்தானின் தோளைத் தொட்டு, நீங்கள் சொல்லுங்கள் என்று சைகை செய்தார். ஒருவர் பத்தை இன்னொருவர் சொல்லக்கூடாது என்ற தம் சட்டத்தைத் தாமே ரத்து செய்தார். அத்தான் சொன்னார். அக்கா ஜெபமாலை மணிகளை நகர்த்திக்கொண்டு வந்தார், உதடுகள் அசைந்தன. அடுத்த சில வாரங்கள் அப்படியே நடந்தது. சாமியார் வந்து எண்ணெயால் அவஸ்தை பூச, நற்கருணையாகிய நன்மை வாங்கி, பிள்ளைகள் சூழ்ந்திருக்க ஒரு பிற்பகலில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

நல்ல மரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்க முயல்கிறேன். ஆனால் உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக, ஒரே மந்திரத்தை ஒரே நேரத்தில் எண்ணிக்கொண்டு, ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாது என்கிற அக்கறையிலேயே அவர்கள் கழித்த வருஷங்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. கோபத்தால் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க ஊரில் ஆள் உண்டு. மரியாதையால் பிரிந்தவர்களை யார் சேர்த்து வைப்பார்?

இனி நன்றி. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தம் வீட்டு உலையோடு சேர்த்து அக்கா வீட்டுக்கும் உலை வைத்து, சாயங்காலமானால் "புள்ளைங்களா, ஜெபத்த ஆரம்பிங்க" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு முதல் நன்றி. வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு அத்தானை அடிக்கடி சென்னைக்கு அனுப்பிவைத்த குட்ஸ் ஷெட் நண்பர்களுக்கும், வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நன்மை கொண்டுவந்த பங்குச் சாமியாருக்கும், அடக்கத்தன்று கூலி வாங்க மறுத்துவிட்ட வண்டிக்காரருக்கும், ரவிக்கை தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்பக் கேட்காமலே இருந்த திண்டிவனத்துப் பெண்மணிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தான் சார்பில் என்ன எழுதட்டும் என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னார்:

"வெளிய ஒக்காந்துகினு இருந்தப்ப அவ கொரலு கேட்டுக்கினே இருந்துச்சி, மச்சான். உள்ள வந்தேன், கொரலு பூடுச்சி. இதுல நானு யாருக்கு இன்னான்னு நன்றி சொல்றது?"

நான் பேனாவை மூடப்போனேன். அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"இரு. பூசைக்கு வர்றவங்க அன்னிக்கு சாயங்காலம் வூட்டுல ஜெபத்துக்கும் வரணும்னு போடு. இஷ்டம் இருந்தா வரட்டும்னு போடாத. வாங்கன்னு போடு."

எனவே, ஆண்டுப் பூசை அன்று சாயங்காலம், அடுப்பிலிருந்து பானை இறங்கும் நேரத்துக்கு, அக்காவின் வீட்டுக்கு உங்கள் அனைவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மதத்தவரானாலும், ஆண்டவரோடு எந்தக் கணக்குத் தீராமல் இருந்தாலும், வாசலில் நின்றுவிட வேண்டாம். வாங்க.